மாமா மூச்சு விட்ட வெள்ளிக்கிழமை

"மாமா எழுந்துட்டாரா?"

"ஒரு கண்ணைத் திறந்திருக்கார். பேச்சு வர இன்னும் நேரம் ஆகும்."

அந்த வீட்டில் மாமா என்றால் மடிக்கணினி. மாமனார் வாங்கியது. அவர் தனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வெளியூரில் மகள் வீட்டுக்குப் போனபோது, பழையதை இரண்டு மருமகள்களுக்கும் பொதுவாக விட்டுவிட்டுப் போனார். சாப்பிடக் கூப்பிட்டால் இதோ வந்துட்டேன் என்று குரல் கொடுத்துவிட்டு, எல்லாம் ஆறி அவலாய்ப் போன பிறகு வந்து உட்காருகிறவர் அவர். இயந்திரத்துக்கும் அதே குணம். மூத்த மருமகள்தான் பெயர் வைத்தாள். தொலைபேசியில் சொன்னபோது மாமனாரே சிரித்துவிட்டு, என்னை மாதிரி அதுவும் கடைசியில் வந்துவிடுகிறதா இல்லையா என்று கேட்டாராம்.

வரத்தான் செய்தது. அதற்குள் வீட்டில் பாதி வேலை முடிந்துவிடும். பொத்தானை அழுத்திவிட்டுத் துணி உலர்த்தப் போவார்கள். கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டுக் காய் நறுக்குவார்கள். இளையவள் ஒலிப்பதிவுக்கான சிவப்புப் பொட்டைத் தொட்டுவிட்டு, அது எரியும் வரை தண்ணீர் குடிப்பாள், தொண்டையைச் சரிசெய்வாள், கூடத்தில் யார் நடந்தாலும் ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பாள். திட்டி முடிக்கவும் பொட்டு எரியவும் சரியாக இருக்கும். அதற்குப் பிறகு அவள் குரலே வேறு.

அந்தக் குரலை ஊருக்கே தெரியும். அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். எந்த வண்டி எந்த நடைமேடையில், எது தாமதம், யாருடைய குடை தகவல் மையத்தில் கிடக்கிறது என்றெல்லாம் சொன்னவள். நிர்வாகம் இயந்திரக் குரலைப் பூட்டியதும் அவளுக்கு ஒரு பூங்கொத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளைக் கட்டிக்கொண்டவரும் அதே நிலையத்து ஓட்டுநர்தான். "நடைமேடையை விட்டு உடனே வெளியேறவும்னு என்னைப் பார்த்துச் சொன்ன குரலு. கட்டிக்கிட்டு வந்த பிறகும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கு" என்பது, அவர் விருந்தாளிகளிடம் தவறாமல் சொல்லும் நகைச்சுவை.

ஒலிப்புத்தகம் போடும் ஒரு பதிப்பகம் தடிமனான நாவல் ஒன்றுக்குக் குரல் தேடியது. இளையவள் முதல் அத்தியாயத்தைப் படித்துப் பதிந்து அனுப்பினாள். ஒலிப்பதிவுக் கூடம் என்பது படுக்கையறைச் சுவரோடு பதித்த துணி அலமாரி. குளிர்காலக் கோட்டுகளையெல்லாம் இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் ஒரு முக்காலி. மடியில் மடித்த சிறு மெத்தை, அதன்மேல் மாமா. கதவைச் சாத்திக்கொண்டால் வெளியுலகம் இல்லை. சுவர்க்கடிகாரம் ரொட்டிப் பெட்டிக்குள் போகும். குளிர்பெட்டியை அணைத்துவிடுவாள். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டாயிற்று. சத்தம் எங்கிருந்து வந்தாலும் அதன் வாயை அடைக்காமல் விடமாட்டாள்.

பதிப்பகத்து அம்மாள் பதிலைக் குரல் செய்தியாக அனுப்பியிருந்தார். இளையவள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"உங்க குரல் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா பின்னாடி ஒரு வண்டு சுத்திக்கிட்டே இருக்கு. நடுநடுவுல வார்த்தை முழுங்குது. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவுல பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கு. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள சுத்தமா இன்னொரு தடவை அனுப்புங்க, கேக்கறேன். இல்லைன்னா வேற ஒருத்தங்க தயாரா இருக்காங்க."

வண்டு, மாமாவின் மின்விசிறி. முழுங்கியவரும் மாமாதான். வேகமாகப் படித்தால் அவருக்கு மூச்சு முட்டி, சொற்களின் நடுவே ஓட்டை விழும். அதனால் ஒரு வாக்கியம் படித்து, அவர் அதைச் செரிக்கும் வரை காத்திருந்து, அடுத்ததைப் படிக்கப் பழகியிருந்தாள். கதை அறிவிப்பாகிவிட்டது.

அவள் அழவில்லை. அதுதான் மூத்தவளுக்குப் பயமாக இருந்தது. அத்தனை வருடம் தான் சொன்ன எதையும் யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை, தங்கள் வண்டியின் எண்ணை மட்டும் கேட்டுவிட்டு ஓடினார்கள் என்றாள் இளையவள். ஒரே ஒரு கதையை முதலிலிருந்து கடைசி வரை ஒருவர் காதில் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் தன் ஆசை என்றாள்.

"இதுவும் போச்சுன்னா நான் இனிமே வாயே திறக்கப் போறதில்லை அக்கா."

"உன் வீட்டுக்காரருக்கு நல்ல காலம் பொறக்கப் போகுதுன்னு சொல்லு" என்றாள் மூத்தவள். சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மூத்தவள் பல்செட் செய்கிறவள். மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து, வீட்டின் பின்னறையில் ஊர்க்காரர்களுக்குப் புதுச் சிரிப்பு செய்துகொடுப்பாள். அவள் கணவன் கப்பல் வேலையில் இருந்தான். வீட்டுக்கு வருகிறபோதெல்லாம் எதையாவது பழுது பார்க்கிறேன் என்று கழற்றிப் போட்டுவிட்டுப் போவான். மாட்டுவது எப்போதும் இவள்தான். அந்தப் பழக்கத்தில் அவளுக்கு எதையும் திறந்து பார்க்கப் பயமில்லாமல் போயிற்று.

கணினிக் கடைக்காரர் மாமாவைப் புரட்டிப் பார்த்தார். வயது கேட்டார். சொன்னதும், ஆழ்ந்த இரங்கல் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். இதற்குச் செலவழிப்பது வீண், புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கூரை ஒழுகுவதைச் சரிசெய்கிற வரை இந்த வீட்டில் புதிது என்ற பேச்சே கிடையாது. மூத்தவள் அதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. உள்ளே இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க் சுழலுகிற தட்டு, அதை எடுத்துவிட்டுச் சுழலாத எஸ்எஸ்டி போட்டால் வேகம் வருமா வராதா என்று மட்டும் கேட்டாள்.

வரும் என்றார். நினைவகத்தைக் கூட்டினால்? அதுவும் உதவும். தூசி தட்டி, சிப்பின் மேல் காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றினால்?

"எல்லாம் செய்யலாம்மா. ஆனா கிழவருக்கு இத்தனை ஆபரேஷன் தாங்குமா?"

"தொண்ணூறு வயசுக்காரருக்கெல்லாம் நான் பல்லு கட்டியிருக்கேன். இப்ப முறுக்கு உடைக்கிற மாதிரி உடைச்சுக்கிட்டு இருக்காரு. சாமானை எடுங்க."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். கழற்றும் முன் பாட்டரி இணைப்பைப் பிடுங்கிவிடச் சொன்னார், இருக்கிறதையெல்லாம் புதிய எஸ்எஸ்டிக்கு நகல் எடுக்க ஒரு கேபிளும் இரவல் தந்தார். மனிதர் நல்லவர்தான். நம்பிக்கைதான் இல்லை.

நகல் எடுக்கவே ஒரு பகல் பிடித்தது. மறுநாள் சமையலறை மேசையில் வெள்ளைத் துணி விரிக்கப்பட்டது. மூத்தவள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டாள். இடுக்கி, மெல்லிய தூரிகை, காற்றடிக்கும் ரப்பர்க் குமிழ், குட்டித் திருப்புளிகள் எல்லாம் வரிசையாக வந்தன. இளையவளின் வேலை கைவிளக்கைப் பிடிப்பதும், பேசாமல் இருப்பதும். முதலாவதை ஒழுங்காகச் செய்தாள்.

திருகுகளை எங்கே வைப்பது என்று கேட்டதற்கு மூத்தவள் பின்னறையிலிருந்து ஒரு பிளாஸ்டர் தாடையைக் கொண்டுவந்தாள். அடிமூடியில் இடது மூலைத் திருகு, தாடையில் இடது கடைவாய்ப் பல் இருந்த குழியில். முன்பக்கத்துத் திருகு, முன்பல் குழியில். எது எங்கிருந்து வந்தது என்று தாடையே சொல்லிவிடும்.

வண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணி, பல்லு வேற, லேப்டாப் வேற."

"தெரியும் தம்பி. லேப்டாப் ஆபரேஷன் நடக்கும்போது கையைக் கடிக்காது."

அடிமூடியில் காற்றுச் சந்துகள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக, மெத்தென்று ஒரு பட்டை ஒட்டியிருந்தது. ஓரம் அவ்வளவு நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்ததால், இந்தக் கம்பெனிக்காரன் மாமாவுக்கு உள்சட்டை போட்டே அனுப்பியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, மூத்தவள் மூடியை அப்படியே ஓரமாக வைத்தாள். இளையவள் அப்போது விளக்கை வேறு பக்கம் திருப்பியிருந்தாள். பார்க்கவில்லை.

உள்ளே மின்விசிறியில் தூசி பஞ்சாக அடைந்திருந்தது. மெத்தைத் தூசி. தூரிகை பாதி, காற்றுக் குமிழ் பாதி என்று மூத்தவள் அதைச் சுத்தமாக்கினாள். காய்ந்து பொருக்காகிவிட்ட பசையைச் சுரண்டித் துடைத்துவிட்டு, ஒரு பயறளவு புதிய பசையை வைத்தாள். பல்லுக்கு சிமெண்ட் வைக்கிற மாதிரிதான், நிறைய வைக்கிறவன் வேலை தெரியாதவன் என்றாள். பழைய ஹார்ட் டிஸ்க் வெளியே வந்தது. எஸ்எஸ்டி போய் உட்கார்ந்தது. நினைவகத் தகடு சாய்வாக நுழைந்து, அழுத்தியதும் 'டக்' என்றது. இளையவள் அந்தச் சத்தத்தைப் பாராட்டினாள்.

மூடியைப் போடுவதற்கு முன் ஓடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்றாள் மூத்தவள். அளவு பார்க்காமல் பல்லை ஒட்டுவதில்லை. அதனால் மாமாவைத் திறந்த புத்தகம் போல விளிம்பில் நிமிர்த்தி நிறுத்தினார்கள். பொத்தானை அழுத்தினார்கள். இளையவள் வழக்கம்போல் துணி எடுக்க எழுந்தாள்.

"எங்கே போற? உக்காரு."

"எழுந்திருக்கட்டும் அக்கா..."

"எழுந்துட்டார்."

இருவரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். பக்கவாட்டில் படுத்திருந்த திரையில் எல்லாம் வந்திருந்தது. இளையவள் ஒரு கோப்பைத் தொட்டாள், திறந்தது. இன்னொன்று, அதுவும். வம்புக்கென்று ஒரே நேரத்தில் ஏழெட்டைத் திறந்தாள். மாமா அசரவில்லை. கைவிளக்கோடு மூத்தவளைக் கட்டிக்கொண்டதில் நெற்றி விளக்கு எகிறி விழுந்தது. அன்று மாலை வரை மாமா அப்படியே மூடியில்லாமல் ஓடினார். இரண்டு பேரும் கழுத்து வலிக்க வலிக்க அழகு பார்த்தார்கள். பிறகு தாடையிலிருந்து ஒவ்வொரு திருகாக எடுத்து மூடினார்கள்.

ஓட்டுநர் வந்து, செய்தி பார்க்க வேண்டும் என்று பொத்தானை அழுத்திவிட்டு, பழக்க தோஷத்தில் சவரம் செய்யப் போனார். திரும்பி வருவதற்குள் மாமா எழுந்து, காத்திருந்து, சலித்து, மறுபடி தூங்கிவிட்டார். "இது எங்கப்பா இல்லை" என்றார் ஓட்டுநர்.

வியாழக்கிழமை இளையவள் மெத்தை மடிப்போடு அலமாரிக்குள் போனாள். முதல் பக்கம் தண்ணீர் போல ஓடியது. இரண்டாம் பக்கத்தில் முனகல் கேட்டது. மூன்றாம் பக்கத்தில் வண்டு வந்துவிட்டது, முன்பைவிடப் பெரிய வண்டு. பதிந்ததைப் போட்டுக் கேட்டார்கள். சொற்களுக்கு நடுவே அதே ஓட்டைகள். ஆற விட்டுப் பதிந்தாள், மறுபடி பதிந்தாள். ஒவ்வொரு முறையும் அழகாகத் தொடங்கி அசிங்கமாக முடிந்தது. மூத்தவள் எல்லாத் திருகையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். ஓட்டுநர், நான் அப்பவே சொன்னேன் என்று தொடங்கி, மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு எதையோ சொல்வதுபோல் முடித்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் இளையவள் கோட்டுகளைப் பழையபடி நடுவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒலிப்பதிவுக் கூடத்தை மூடுகிறாள் என்று அர்த்தம். மூத்தவள் முக்காலியை எடுக்க விடாமல் அதன்மேல் உட்கார்ந்தாள்.

"முந்தாநாள் சாயங்காலம் வரைக்கும் ஓடினாரே, அப்ப ஏன் முனகல?"

"அப்ப மூடி இல்லையே அக்கா."

சொன்னவளும் கேட்டவளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூத்தவள் எழுந்து போய் மாமாவைக் குப்புறப் போட்டாள். கை வைத்தாள். கறுப்புப் பட்டை இருந்த இடம் சுடுகல் மாதிரி இருந்தது.

"கம்பெனிக்காரன் எதுக்கு இங்கே கம்பளி ஒட்டியிருக்கான்?"

மூத்தவள் பட்டையின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தாள். அடியில் வரிசையாகக் காற்றுச் சந்துகள், ஒன்றுவிடாமல் அடைபட்டு.

"கம்பெனிக்காரன் இல்லை அக்கா" என்றாள் இளையவள் மெதுவாக. "அது என் பழைய கோட்டு."

முதல் தடவை பதிந்தபோதே, சத்தம் அந்தச் சந்துகள் வழியாகத்தான் வருகிறது என்று கண்டுபிடித்து, கோட்டின் அடிப்பக்கத்தை அளந்து வெட்டி ஒட்டினாளாம். கொஞ்ச நாள் சத்தம் குறைந்தது. பிறகு அவளே அதை மறந்துவிட்டாள். சத்தம் கூடக் கூட மெத்தையை மட்டும் தடிமனாக்கிக்கொண்டே போனாள்.

மூத்தவள் சிரிக்கத் தொடங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏன்டி, மூக்கையும் வாயையும் பொத்தி, மெத்தையில வச்சு அமுக்கி, அதுக்கு மேல ஏன் கத்துறேன்னு கேட்டா அந்த மனுஷன் என்னதான் பண்ணுவார்?"

"நான் சத்தத்தைத்தானே அடைச்சேன்."

"நீ மாமாவை அடைச்சிருக்கே."

பட்டையை உரித்தார்கள். பசையைச் சுரண்டி, சந்து சந்தாக ஊசியால் குத்தித் தெளிவாக்கினார்கள். மெத்தை மடிப்பு வெளியே போயிற்று. ரொட்டி ஆறவைக்கும் கம்பி வலை அலமாரிக்குள் வந்து, அடியில் காற்று புகும்படி ஒரு சிறு பெட்டியின் மேல் உட்கார்ந்தது. மாமா அதன்மேல். ஓட விட்டுக் காத்திருந்தார்கள். இளையவள் காதைக் கொண்டுபோய் வைத்தாள். மூச்சு வந்தது, அவ்வளவுதான். ஒழுங்காக உறங்குகிறவரின் மூச்சு. கையளவு தள்ளி வைத்தால் அதுவும் கேட்கவில்லை. மதியத்துக்கு அதிக நேரம் இல்லை.

அவள் சிவப்புப் பொட்டைத் தொட்டாள். தண்ணீர் குடித்தாள். தொண்டையைச் சரிசெய்தாள். அந்த நேரம் பார்த்து ஓட்டுநர் கூடத்தில் சாவியைத் தேடினார். அவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது. பிறகு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே மூத்தவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநர் காலணிகளைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார். கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது. இந்த முறை எங்கும் நிற்கவில்லை. ஓட வேண்டிய இடத்தில் ஓடியது, தயங்க வேண்டிய இடத்தில் தயங்கியது, ஒரு கேள்வியை நீட்டிவிட்டுப் பதிலைச் சட்டென்று பிடித்தது. நாவலின் முதல் அத்தியாயத்தில் ஒருவன் மழையில் ஒரு கதவைத் தட்டுகிறான். கதவு திறக்குமா என்று தெரிந்துகொள்வதற்காக ஓட்டுநர் தன் வண்டிக்குத் தாமதமானார். அவருடைய வேலைக் காலத்தில் அதுதான் முதல் தாமதம், அறிவிக்கவும் ஆளில்லை.

அவள் வெளியே வந்தபோது முகமெல்லாம் வியர்வை. மாமாவுக்கு வியர்க்கவில்லை. ஒரு சொல்கூட விழுங்கப்படவில்லை என்று உறுதிசெய்ய, நடுவிலும் கடைசியிலும் போட்டுப் பார்த்தார்கள். மதியம் ஆவதற்குள் கோப்பு போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகுதான் மூத்தவள், நிம்மதியாக, முதலிலிருந்து கேட்க உட்கார்ந்தாள். கேட்டவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இளையவளைக் கூப்பிட்டாள்.

மாமா இப்போது உடனே எழுந்துவிடுகிறவர். பொட்டைத் தொட்டதுமே பதியத் தொடங்கியிருந்தார். மடக் மடக்கென்று தண்ணீர் இறங்கும் சத்தம். ஒரு கனைப்பு. அப்புறம், தெள்ளத் தெளிவாக, வண்டின் தொல்லை சிறிதும் இல்லாமல்:

"ஏங்க, அதென்ன நடையா, தண்டவாளத்துல சரக்கு வண்டி போற மாதிரி? உங்க சாவி உங்க சட்டைப் பையிலதான் இருக்கு, வாழ்க்கை பூரா அங்கேதான் இருந்திருக்கு. அதை எடுத்துக்கிட்டு, அந்தக் காலைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, அப்படியே நில்லுங்க."

அதையடுத்து, தேன் போன்ற குரலில், அத்தியாயம் ஒன்று.

வேறு கோப்பை அனுப்பலாமா என்று யோசிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. இளையவள் அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த முறை பதிவதற்கு அல்ல. மூத்தவள் வெளியே நின்று, காலைத்தான் கழட்டச் சொன்னாய், காலணியை என்று சொல்லியிருக்கலாம் என்றாள்.

பிற்பகலில் தொலைபேசி அடித்தது. மூத்தவள் அதைக் கதவிடுக்கு வழியாக உள்ளே நீட்டிவிட்டு, காதைக் கதவில் வைத்துக்கொண்டாள். பதிப்பகத்து அம்மாளின் குரலும் தெளிவாகத்தான் கேட்டது.

"எந்த ஸ்டுடியோவுல பண்ணீங்க? பின்னணியில ஒண்ணுமே இல்லை."

"வீட்டுக்குப் பக்கத்துலதான்" என்றாள் இளையவள், கோட்டுகளுக்கு நடுவில். "ரொம்பப் பக்கத்துல."

"நல்லா இருக்கு. போன தடவை அறிவிப்பு மாதிரி இருந்தது. இந்தத் தடவை என்னை உக்கார வச்சுட்டீங்க. ஒண்ணு சொல்லணும், முதல் வரி இந்தப் புத்தகத்துல இல்லை."

இளையவள் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். அந்த அம்மாள் விடவில்லை.

"ஏழாவது அத்தியாயத்துல கதாநாயகனோட மனைவி வர்றா. அவளுக்கு வேற யாரையாவது தேடணும்னு நினைச்சிருந்தேன். நீங்க அந்த 'ஏங்க'வை அப்படியே அவளுக்குக் குடுத்துடுங்க. முழுப் புத்தகமும் உங்களுதுதான். எப்ப ஆரம்பிக்கலாம்?"

கதவு படாரென்று திறந்ததில் மூத்தவள் நெற்றியில் இடித்துக்கொண்டாள். எண்ணெய் விட்ட கீல் சத்தமே போடவில்லை. இளையவளுக்குப் பேச வாய் வரவில்லை. ஆனால் வாயை மூடவும் முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. மூத்தவள் அந்தச் சிரிப்பை ஒரு தொழில்காரியின் கண்ணோடு பார்த்துவிட்டு, என் பின்னறையில் இந்த மாதிரி ஒன்று செய்ய வராது என்றாள்.

செய்தி மாமனாருக்குப் போயிற்று. தன் புதிய கணினி இப்போதெல்லாம் எழுந்திருக்க நேரம் எடுக்கிறது, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாமா என்று அவர் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். இரண்டு மருமகள்களும் ஒரே குரலில், அவர் வாழ்க்கையில் முதல்முறையாக, முடியாது மாமா என்றார்கள்.

திங்கட்கிழமை காலை இளையவள் அலமாரிக்குள் போவதற்கு முன் தண்ணீர் குடித்தாள். தொண்டையைச் சரிசெய்தாள். கூடத்தில் நின்று கணவரை வேண்டிய மட்டும் திட்டினாள். அவர் காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, இதெல்லாம் ஏழாம் அத்தியாயத்துக்கு ஒத்திகையா என்று கேட்டார்.

"உங்களுக்கு ஒத்திகை எதுக்கு? எல்லாம் மனப்பாடம்தானே" என்றாள்.

பிறகு உள்ளே போய், கதவைச் சாத்தி, பொட்டைத் தொட்டாள். தொட்டதும் சிவந்தது.